ரீச்சரைக் கேளுங்கோ

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அந்த அம்மா தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"சிவானந்தன் ஐயாவின்ர மகள் தாரிகாவை என்ர மகனுக்குப் பேசுறம், ரீச்சர். குடும்பம் எப்பிடியெண்டு விசாரிக்க வந்தனான். அவரேதான் சொன்னவர், 'நேசமலர் ரீச்சரைக் கேளுங்கோ, எங்களைப் பற்றி அவவுக்கு நல்லாத் தெரியும்' எண்டு."

நேசமலரின் முதுகு நிமிர்ந்தது. அவரே சொன்னாராமா!

நேசமலரின் ஒரே மகள் யதுஷா, சிவானந்தனின் மூத்த மகன் வினோதனோடு தெகிவளையில் ஒரு பிளாட்டில் இருக்கத் தொடங்கி நாலு வருடம். தாலியும் இல்லை, பதிவுக் கலியாண எழுத்தும் இல்லை. கேட்டால், "சந்தோசமாத்தானே இருக்கிறம், கலியாணம் எதுக்கம்மா?" என்பாள். யாருடைய படியும் ஏறிப் பழகாத நேசமலர், மகளுக்காக முதல் மாதமே ஒரேயொரு நாள் சிவானந்தனின் வீட்டுக்குப் போனார். பிள்ளைகளுக்கு ஒரு எழுத்தாவது வைப்போம் என்று கேட்டார். அந்த மனிதர் இருக்கச் சொல்லவில்லை. பேப்பரிலிருந்து தலையை எடுக்கவுமில்லை.

"நான் பெடியனைப் பெத்தவன். உங்கட மகள் வந்து இருக்கிறாளெண்டால் அது உங்கட வீட்டுப் பிரச்சினை."

அன்று முதல், மகள் வேலைக்குக் கிட்ட போர்டிங்கில் இருப்பதாகக் கோயிலிலும் கடையிலும் நேசமலர் சொல்லி வந்தார். சிவானந்தனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார். நாலு வருடம் வாய் திறக்காதவள் இன்றைக்கா திறக்கப் போகிறாள் என்ற துணிவு.

"மூத்த பெடியன் இன்னும் தனிக்கட்டையாம்," என்றார் வந்தவர். "தங்கச்சியின்ர காரியம் முடியட்டுமெண்டு பாத்துக்கொண்டிருக்கிறாராம். இந்தக் காலத்தில அப்பிடிப் பொறுப்பான பிள்ளையள் எங்க?"

தாரிகா நேசமலரிடம் படித்தவள். நல்ல பிள்ளை. அந்த நினைப்பு வந்தது. அதை அவர் ஒதுக்கி வைத்தார்.

"தனிக்கட்டை இல்லை. தெகிவளையில நாலு வருசமா ஒரு பெட்டையோட குடும்பம் நடத்துறார். தகப்பனுக்கு எல்லாம் தெரியும்."

"ஐயோ, ரீச்சர்! ஆர் அந்தப் பெட்டை? என்ன வளர்ப்பு வளர்த்தாளோ தாய்!"

"என்ர மகள்தான்."

அந்த அம்மா கோப்பையை மெதுவாக வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு, போயிட்டு வாறன் என்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

அடுத்த நாள் பின்னேரம் சிவானந்தன் வாசலில் வந்து நின்றார். நேசமலர் உள்ளே கூப்பிடவில்லை.

"பெத்த மகளின்ர பேரையே சந்தி சிரிக்க வைச்சிட்டியளே!"

"சிரிக்கட்டும். நாலு வருசமா என்ர மானமெண்டு நினைச்சு எல்லாத்தையும் பொத்தி வைச்சன். அதுக்குள்ள நீங்களல்லோ சொகுசா ஒளிச்சிருந்தனீங்கள்."

சிவானந்தனின் குரல் இறங்கியது. "சரி, நடந்தது நடந்துபோச்சு. வாற கிழமையே ரெண்டு பேருக்கும் எழுத்து வைப்பம். தாலியும் நானே செய்விக்கிறன். நீங்கள் அந்த மனிசிக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுத்து, பிழையா விளங்கீட்டியள் எண்டு மட்டும் சொல்லுங்கோ, ரீச்சர்."

இந்தச் சொல்லுக்காக நேசமலர் எத்தனை வெள்ளிக்கிழமை விரதம் இருந்திருப்பார்! முந்தாநாள் வந்து கேட்டிருந்தால், இந்த மனிதரின் காலில் விழவும் கூசியிருக்க மாட்டார். ஒரு தலையாட்டல் போதும், மகளுக்குத் தாலி ஏறிவிடும்.

"உங்கட மகளின்ர கலியாணத்துக்கு வழி விடுறதுக்கோ என்ர மகளுக்குத் தாலி? அப்பிடியொரு தாலி எங்களுக்குத் தேவையில்லை. இருக்கிறபடியே இருக்கட்டும்."

கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தவில்லை, அவர் போகும்வரை பொறுக்கவுமில்லை.

சற்று நேரத்தில் யதுஷா தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மா, நீங்களோ சொன்னது? தாரிகா காலமையில இருந்து சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள். அவள் உங்களுக்கு என்ன செய்தவள்?"

நேசமலர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஓம், நான்தான் சொன்னனான்," என்றார். "இனி ஆர் வந்து கேட்டாலும் சொல்லுவன்."