வாசம் போகாத இஹ்ராம்

மறுநாள் என் கணவர் முர்ஷித்துக்கு மக்காவுக்கு உம்றாப் பயணம். அங்கே உடுக்கிற புது வெள்ளை இஹ்ராம் துண்டு இரண்டும் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தன. அவருடைய தோல் சும்மா உரசினாலே சிவந்து தடிக்கிற சாதி. நல்லது செய்கிறேன் என்று துண்டுகளைக் கழுவப் போட்டு, பழக்கதோஷத்தில் ரோசாப்பூ வாசமடிக்கிற சொஃப்ட்னரையும் ஊற்றித் தொலைத்தேன். மெஷினைத் திறந்த பிறகுதான் உறைத்தது. இஹ்ராம் கட்டியவருக்கு வாசனை கூடாது, வாசனை ஏறிய துணியும் கூடாது. இது எங்கள் நிந்தவூரில் குர்ஆன் ஓதப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அடுத்த வளவில் இருக்கிற என் தங்கை றுஸ்னாவுக்கு போன் எடுத்தேன். அவளுக்குப் பிறந்த நாளிலிருந்து முட்டு வருத்தம். சொஃப்ட்னர் வாசம் பட்டாலே மூச்சு இழுக்கும். அதனால் தன் வீட்டில் வேறு வழி வைத்திருந்தாள். கடைசி அலசல் தண்ணீரில் அரைக் கோப்பை வினாகிரி. பிறகு துணியை நன்றாக உதறிக் காற்றில் விரிக்க வேண்டும். சவர்க்காரக் கசடு போய்த் துணி மெதுவாகும், வினாகிரி நெடியும் காயும்போதே போய்விடும் என்பாள். அச்சாறுக்கு ஊற்றுவதை உடுப்புக்கு ஊற்றுகிறவள் என்று நான் எத்தனையோ தடவை நக்கலடித்திருக்கிறேன். அன்றைக்கு அவள் சிரித்துவிட்டு, வினாகிரிப் போத்தலோடு வருவதாகச் சொன்னாள்.

எனக்கு எங்கே பொறுமை? வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றில் போடத் தந்த குளோரின் பவுடர் மிச்சம் இருந்தது. கிணற்று நாற்றத்தையே எடுத்தது ரோசாப்பூவையா விட்டுவைக்கும் என்று, குளியலறை வாளியில் அள்ளிக் கரைத்துத் துண்டுகளை அமிழ்த்தினேன். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டேன். றுஸ்னா பின் கதவால் வந்து, துண்டை அலசிவிட்டு அங்கேயே குளிக்கிறேன் என்றாள். வாளி உள்ளே இருக்கிறது என்றேன். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. பவுடர் போட்டதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒன்று என்றே படவில்லை.

முதலில் ஒரு இருமல். முட்டுக்காரி இருமுவது புதினமா என்று கறியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். அடுத்தது இருமல் இல்லை, தொண்டையை யாரோ நெரிக்கிற சத்தம். ஓடிப்போனேன். கதவுக்குக் கீழால் வந்த நெடி என் கண்ணையே எரித்தது. கதவில் அடித்து அடித்துக் கத்தினேன். தாழ்ப்பாள் விலகியதும் அவள் என் மேலேயே விழுந்தாள். உள்ளே வாளிக்கு மேலே மஞ்சள் பச்சையாகப் புகை. என் பவுடரும் அவள் வினாகிரியும் சேர்ந்துதான் இப்படி ஆனது என்று அப்போதுதான் விளங்கியது. யா அல்லாஹ்!

முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய் அவளுடைய முட்டுப் பம்ப்பை வாயில் வைத்து அடித்தேன். ஒன்றும் இறங்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. ரோட்டைப் பார்த்தால் ஒரு குருவி இல்லை. வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை நேரம். ஊர் ஆம்பிளைகள் எல்லாம் பள்ளியில், ஆட்டோக்களும் பள்ளி வாசலில், முர்ஷித்தின் போனும் அணைந்து கிடந்தது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஸுஹைறாவின் மடியில் அவளைச் சாய்த்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன்.

உள்ளே குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. குத்பா நேரம் பக்கத்தில் இருப்பவனை "சும்மா இரி" என்றுகூடச் சொல்லக் கூடாது. அப்படிப்பட்ட அமைதி. தலையில் முக்காடு இல்லை, உடுப்பெல்லாம் ஈரம். பயத்தில் எனக்கு வெட்கமும் வரவில்லை. வாசலில் நின்று, இருந்த சத்தமெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"என்ட தங்கச்சி மவுத்தாகப் போறா! ஆராவது வாங்க!"

தலைகள் திரும்பின. ஒருவரும் எழும்பவில்லை. எழும்பலாமா கூடாதா என்று ஆளையாள் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் போய்விடுவாள் என்றே நினைத்தேன். அப்போது மிம்பர் மேடையில் நின்ற மௌலவி ஓதுவதை நிறுத்தினார்.

"ஆட்டோ வச்சிருக்கிறவங்க எழும்புங்க. சுறுக்காப் போங்க, தொழுகைய மறுகா பாப்பம்."

பத்துப் பேர் எழும்பினார்கள். முர்ஷித் செருப்பில்லாமல் முன்னால் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் முகத்துக்கு மாஸ்க் மாட்டினார்கள். எதைச் சுவாசித்தாள் என்று டொக்டர் கேட்டார், ஒளிக்காமல் சொன்னேன். இந்தக் காற்றுப் பட்ட நெஞ்சுக்குள் பிந்தியும் நீர் கோர்க்கலாம், விடியும்வரை ஒன்றும் சொல்ல ஏலாது, மூச்சைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். முர்ஷித் மறுநாள் பயணத்தை மறந்து, சுவரோடு சாய்ந்து ஓதிக்கொண்டிருந்தார்.

பின்னேரம், அஸர்த் தொழுகை நேரம் றுஸ்னா கண் திறந்தாள். மாஸ்க்கை விலக்கி என்னவோ கேட்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கதைக்காத புள்ள. மூச்ச மட்டும் விடு."

அவள் விட்டாள். நெஞ்சு ஏறி, இறங்கி, நின்றது. அடுத்தது வருமட்டும் நானும் மூச்சு விடவில்லை.