படுக்க வைத்த பாட்டில்

பேருந்தில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரமும் அவன் பாட்டிலை மடியில் நிமிர்த்தியே பிடித்திருந்தான். வளைவுகளில் வண்டி சாய்ந்தபோது உடம்பைச் சாயவிட்டு பாட்டிலை மட்டும் நேராக வைத்துக்கொண்டான். துண்டில் சுற்றி அணைத்துப் பிடித்திருந்ததைப் பார்த்துப் பக்கத்து இருக்கைப் பெண்மணி குழந்தை என்று நினைத்திருக்க வேண்டும். ஆசையாக ஒருமுறை எட்டிப் பார்த்தவள், கண்ணாடிக் கழுத்தும் தக்கையும் தெரிந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இப்போது நிமிர்த்திப் பிடித்து ஒரு பயனும் இல்லை என்று அவனுக்கே தெரியும். நிமிர்ந்து நின்றிருக்க வேண்டிய பத்து மாதமும் அது படுத்துக் கிடந்தது.

படுக்க வைத்தவன் அவன்தான். ஒரு பெரிய உணவகத்தின் நிலவறையில் ஒயின் பாட்டில்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஒயினைப் படுக்கத்தான் வைக்க வேண்டும். தக்கை நனைந்துகொண்டே இருந்தால்தான் காற்று உள்ளே போகாது. விஸ்கி அதற்கு நேர் எதிர். அதன் காரம் தக்கையை அரித்துவிடும், அரித்த தக்கை விஸ்கியைக் கெடுத்துவிடும். அதனால் விஸ்கி நிற்க வேண்டும். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவன் சொல்லுவான். பதினைந்து வருடமாக ஒரே காரியத்தைச் செய்து பழகிய கைக்குத்தான் அது தெரியவில்லை. சரக்கு வந்து இறங்கிய ஒரு சாயங்காலம், நாற்பது பெட்டி ஒயினை அடுக்கிய கையோடு இந்த விஸ்கியையும் எடுத்து, லேபிள் மேலே தெரியும்படி அழகாகப் படுக்க வைத்துவிட்டு விளக்கை அணைத்துப் போய்விட்டான். இரண்டு வாரத்துக்கு முன் வேறு எதையோ எடுக்கப் போனபோதுதான் பார்த்தான். தக்கை கறுத்திருந்தது. கழுத்தைச் சுற்றிப் பிசுபிசுப்பு. உள்ளே இரண்டு விரல் அளவு குறைந்திருந்தது. அந்த இடத்திலேயே, குளிர்ந்த சிமெண்ட் தரையில், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டான்.

சாதாரண விஸ்கியாக இருந்தால் வேறொன்று வாங்கி வைத்திருப்பான். இது அக்காவின் கணவர், பல் டாக்டர் அத்தான், வைத்திருந்த ஸ்காட்ச். அவர் பிறந்த வருடத்தில் வடித்து, முப்பத்தைந்து வருடம் பீப்பாயில் கிடந்து பாட்டிலுக்கு வந்தது. வடித்த ஆலையை இடித்தே வெகுகாலமாகிவிட்டது. இனி உலகத்தில் அது ஒரு சொட்டு புதிதாகப் பிறக்காது. யார் யாருக்கோ கல்யாணம், யார் யாருக்கோ பதவி உயர்வு என்று எத்தனையோ சாக்கு வந்தும் அத்தான் அதைத் திறக்கவில்லை. "இன்னும் பெரிசா ஏதாவது வரட்டும்" என்பார்.

வந்தது வேறு. சென்ற வருடம், துடைத்துவிட்டு ஈரம் காயாத கிளினிக் தரையில் வழுக்கிப் பின்னந்தலை அடிபட விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. இரண்டு நாளில் எழுந்து நடந்தார். மூன்றாம் நாள் காபியை வாயில் வைத்துவிட்டு, "என்ன இது, சுடுதண்ணி குடுக்கறே?" என்று அக்காவைக் கேட்டார். வாசனை மொத்தமாகப் போயிருந்தது, வாசனையோடு ருசியும். ஒருநாள் அக்கா பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தபோது வீடு முழுக்க எரிவாயு நிறைந்திருக்க, அவர் நடுவில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவரைத் தனியாக அடுப்பு பற்றவைக்க அவள் விடுவதில்லை. அவரோ தினமும் காலையில் கிளினிக்குக்குப் போய் முதல் வேலையாகக் கிராம்பு எண்ணெய் புட்டியைத் திறந்து மூக்கில் வைத்துப் பார்ப்பார். பிறகு மூடி வைத்துவிட்டு முதல் நோயாளியைக் கூப்பிடுவார்.

ஒரு வருடத்துக்குள் திரும்பினால் உண்டு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். திரும்பினாலும் கோணலாகத் திரும்பலாம், ரோஜாவை முகர்ந்தால் எரிந்த டயர் வரலாம், சிலருக்குக் கடைசிவரை அப்படியே நின்றுவிடும் என்றும் சொல்லியிருந்தார். பாட்டிலை அவனிடம் கொடுத்தபோது அத்தான், "என் கண்ணுல படாம வை மாப்ளே. மூக்கு வந்ததும் கேட்டு வாங்கிக்கறேன்" என்றார். இந்த ஞாயிற்றுக்கிழமையன்று அந்த வருடம் முடிய இன்னும் ஐந்தே நாள் இருந்தது.

அக்காதான் போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் அதைக் கொண்டாடா தம்பி. இதுல தெரியலைன்னா இனிமே எதையும் மோந்து பாக்க மாட்டாராம். கிளினிக்கையும் மூடிடுவாராம். சீழ் வாசனை தெரியாதவன் பல்லுல கை வெக்கக் கூடாதுங்கறாரு."

"அக்கா, அந்த பாட்டில்…"

"உடைச்சிட்டியா?"

"இல்ல."

"அப்ப வாயை மூடிட்டுக் கொண்டா. அப்புறம், யாரும் அவருக்குப் பரீட்சை வெக்காதீங்க. நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் பேச்சை மாத்திடுங்க. அந்த அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

அந்த அண்ணன் என்பது அத்தானோடு ஒரே பெஞ்சில் படித்தவர். வீடு வீடாகப் போய்ப் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். அதனால் எல்லோருக்கும் அவர் சுருதி. அவன் படியேறிப் போனபோது சுருதி ஏற்கெனவே வந்து, சாப்பாட்டு மேஜையில் நான்கு கண்ணாடிக் கிண்ணங்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அடி பருத்து வாய் குறுகியவை. வாசனை நழுவிவிடாமல் பிடித்து வைப்பதற்காக அப்படிச் செய்தவை.

"வா பாதாளம்!" என்றார் அத்தான். நிலவறை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவனுக்கு அதுதான் பெயர். "சூரியனைப் பாத்து எத்தனை மாசமாச்சு? வெளுத்துப்போய் நிக்கறே."

"பயத்துல வெளுத்திருக்கான்" என்றார் சுருதி. "கைல இருக்கறது அப்படி."

அவன் துண்டை இறுக்கிக்கொண்டான். சுருதி வேடிக்கையாகத்தான் சொன்னார். அத்தான் சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். மகளைப் பெண் பார்க்க வருகிற வீடு போல அறை அவ்வளவு சுத்தமாக இருந்தது. அக்கா ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தாள். சொல்லிவிடலாம் என்று அவன் வாயெடுத்தான். அத்தான் பாட்டிலை வாங்கி, தூக்கத்தில் இருக்கிற பிள்ளையை வாங்குவது போல ஒரு கை கழுத்திலும் ஒரு கை அடியிலுமாகப் பிடித்துக்கொண்டு, "நாம ரெண்டு பேரும் ஒரே வயசுடா" என்று அதனிடம் சொன்னார். அவன் வாயை மூடிக்கொண்டு துண்டை மடித்தான்.

தக்கை பாதியில் முறிந்தது. "பழசுன்னா அப்படித்தான்" என்றார் அத்தான். அவன் எடுத்து வந்திருந்த வடிகட்டி வழியாக ஊற்றினான். கருக்கிய சர்க்கரையின் நிறம். பார்க்க அவ்வளவு அழகு. முதல் கிண்ணம் பாதி நிறைவதற்குள் வாசனை அவனை எட்டிவிட்டது. அவனுடைய தொழிலில் அதைத் தெரியாதவன் கிடையாது. தக்கை கெட்ட ஒயினில் வருகிற அதே நெடி. மீதி மூன்றையும் ஊற்றி முடித்தான். நிமிர்ந்தபோது சுருதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் காது எவ்வளவு கூர்மையோ மூக்கும் அவ்வளவு கூர்மை.

கிண்ணங்களைத் தட்டுகளால் மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். இத்தனை வருடம் அடைந்து கிடந்தது மூச்சு விட வேண்டும் என்பது அத்தானின் கட்டளை. அக்கா மேஜை விரிப்பின் ஓரத்தை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றார் அத்தான். "நீங்க முதல்ல."

சுருதி ஒரு வாய் குடித்து, கண்ணை மூடினார். "தேன்" என்றார். குரல் சற்று உயர்ந்துவிட்டது. "நல்ல தேன்டா."

"நல்லாருக்கு" என்றாள் அக்கா, உதட்டைக்கூட நனைக்காமல்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். "ஆரஞ்சுத் தோல்" என்றான் அவன். "கடைசில லேசா புகை." அவன் சொன்னது அந்த பாட்டில் நின்றிருந்தால் இருந்திருக்க வேண்டிய ருசி.

அத்தான் கிண்ணத்தை எடுத்தார். முதலில் மார்பு உயரத்தில் வைத்தார், பிறகு மோவாய், பிறகு மூக்கு. வாயை லேசாகத் திறந்து வைத்து மெல்ல இழுத்தார். வலது மூக்குத் துளையிலிருந்து மாற்றி இடதில் வைத்தார். அசையவே இல்லை. பிறகு இன்னொரு முறை. அவருடைய கழுத்து நரம்பு புடைத்து நின்றது. ஒரு மிடறு எடுத்து வாயில் உருட்டினார், விழுங்கினார்.

"ஏதோ வருது" என்றார்.

அக்காவின் கை விரிப்பில் அப்படியே நின்றது.

"வருது. நிஜமா வருது." இன்னொரு முறை முகர்ந்தார். முகத்தில் பரவத் தொடங்கிய வெளிச்சம் பாதி வழியில் நின்றது. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு என்னன்னு சொன்னீங்க? தேனா?"

சுருதி தலையை மட்டும் ஆட்டினார்.

"எனக்குத் தேன் வரலை." கிண்ணத்தை, சத்தம் எழாதபடி, மேஜையில் வைத்தார். "டாக்டர் சொன்னாரே, கோணலா வரும்னு. வந்துடுச்சு, கோணலா." சிரிக்கப் பார்த்தார். "பரவால்ல. சூன்யத்துக்குக் கோணல் மேல். ஆனா இதைப் போய் கோணல் மூக்கால மோந்து பாத்துட்டேனே. இன்னும் அஞ்சு நாள் பொறுத்திருக்கலாம்."

பதினான்கு நாளாக அவன் பயந்தது அத்தானின் கோபத்துக்கு. கத்துவார், பாதாளத்திலேயே போய்ப் படு என்பார், ஆறு மாதம் பேசமாட்டார். அதற்கெல்லாம் அவன் தயாராக இருந்தான். ஒழுங்காகத் திரும்பி வந்த ஒரு மூக்கை, மூன்று பேர் அன்பாகச் சேர்ந்து பொய் சொல்லி நொண்டியாக்குவதை உட்கார்ந்து பார்க்க வேண்டிவரும் என்று அவன் நினைக்கவில்லை.

"அத்தான், கோணல் இல்ல" என்றான். "கெட்டுப்போச்சு. அந்த விஸ்கியே கெட்டுப்போச்சு. நான்தான் பத்து மாசமா படுக்க வெச்சுட்டேன்."

அத்தான் அவனை இரக்கமாகப் பார்த்தார். "எனக்காகச் சொல்லாத மாப்ளே. உனக்கு விஸ்கியை நிக்க வெக்கணும்னு தெரியாதா?"

"தெரியும். கை தானா படுக்க வெச்சுடுச்சு."

"டேய், அவன் சொல்றது நெஜம்" என்றார் சுருதி. "தேனுமில்லை, ஒரு மண்ணுமில்லை. ரெண்டாவது வாய் குடிக்கணுமேன்னு நான் வேண்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"நீயுமா? இவ போன் பண்ணிச் சொன்னாளா, எதையாவது சொல்லித் தேத்துங்கன்னு?" அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா தலை குனிந்தாள். "இப்ப மூணு பேரும் எதைச் சொன்னாலும் நான் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்விதான். பிறகு அத்தானே எழுந்து போய் அலமாரியிலிருந்து மருந்துச் சீட்டுக் கட்டையும் நான்கு பென்சில்களையும் கொண்டு வந்தார். இந்த வீட்டில் எந்த பாட்டிலைத் திறந்தாலும் பேசுவதற்கு முன் ஆளாளுக்கு எழுதிக் கவிழ்த்து வைப்பதுதான் வழக்கம். ஒருவர் சொன்னது இன்னொருவர் நாக்கில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. பரீட்சை வேண்டாம் என்று அக்கா சொன்னதால்தான் இன்று யாரும் அதை எடுக்கவில்லை.

"எனக்கு என்ன வந்துச்சுன்னு நான் இன்னும் வாயைத் திறக்கலை. எழுதுங்க. நீயும் குடிச்சிட்டு எழுது" என்றார் அக்காவிடம்.

அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்காட்ச் குடித்தாள். முகம் போன போக்கைப் பார்த்துச் சுருதி வாயைப் பொத்திக்கொண்டார். நால்வரும் கையால் மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எழுதினார்கள். அத்தான் தன் சீட்டைத்தான் முதலில் திருப்பினார். யாரும் படிக்க முடியாத அவருடைய டாக்டர் கையெழுத்தை அக்கா வாசித்தாள்: "நனைஞ்ச அட்டைப்பெட்டி."

சுருதியின் சீட்டைத் திருப்பினார். 'மழையில் ஊறிய அட்டை.'

அவனுடையது. 'ஈர அட்டை. தக்கை.'

அக்காவுடையது. அவள் ஆசிரியை, கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. 'தண்ணீர் புகுந்த பரீட்சைத்தாள் கட்டு.'

அத்தான் நான்கு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வரிசையை மாற்றி வைத்து மறுபடி பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "படுபாவி" என்றார். "படுக்கவா வெச்சே? பத்து மாசமா? என் வயசு விஸ்கிடா அது! ஒரு பாட்டிலை நிக்க வெக்கத் தெரியல, உனக்கெல்லாம் நிலவறைச் சாவியை எந்த மடையன்டா குடுத்தான்?" திட்டும்போதே குரல் உடைந்தது. உடைந்த குரல் சிரிப்பாயிற்று. சிரிப்பில் தோள்கள் குலுங்கின. சுருதியும் சேர்ந்துகொண்டார். இரண்டு வாரமாக நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த எதுவோ எழுந்து போனது போல அவனுக்கு மூச்சு அடிவயிறு வரை இறங்கியது. கண்ணில் நீர் வந்ததை விஸ்கியின் காரம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

"ஊத்துடா இன்னொண்ணு" என்றார் அத்தான்.

"இதையா?"

"இதைத்தான். என்ன அருமையா கெட்டுப்போயிருக்கு!"

ஊற்றினான். அவர் முகர்ந்து, "அட்டை" என்றார். இன்னொரு முறை முகர்ந்து, "சந்தேகமே இல்ல, அட்டை" என்றார். கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனார். டப்பாக்கள் திறக்கும் சத்தம் கேட்டது. "காப்பித்தூள்… இல்ல" என்று குரல் வந்தது. "மிளகு… ம்ஹூம்." இன்னொரு மூடி. "வினிகர்! ஏய், வினிகர் வருது! லேசா!" சோப்பு இல்லை. பூண்டு இல்லை. எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறிய பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம், "இருக்கு… இருக்கற மாதிரி இருக்கு" என்றார்.

அக்கா எழுந்து போனாள். சமையலறை வாசலில் அவள் நின்றதும் அத்தான் கையிலிருந்த பழத்தை வைத்துவிட்டு வந்தார். குனிந்து, அவள் காதுக்குப் பின்னால், முடி தொடங்குகிற இடத்தில் மூக்கை வைத்தார். சுருதி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, சாத்தியிருந்த கதவுகளை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தார். அவனும் பார்வையை விலக்கியிருக்க வேண்டும்; விலக்க முடியவில்லை. தையற்காரரிடம் அளவு கொடுப்பவளைப் போல அக்கா கைகளைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, மூச்சுக்கூட விடாமல் நின்றிருந்தாள். அத்தான் மெதுவாக, மிக மெதுவாக உள்ளே இழுத்தார்.