அழுத்தாத கரண்டி

மூன்றாவது முறையும் பர்கர் வறண்டுபோயிருந்தது. என் வீட்டுக்காரர் அதைத் தட்டில் தட்டிப் பார்த்தார். டொக்கென்று சத்தம் கேட்டது.

"இது பர்கரா, பிரேக் கட்டையா?" என்றேன்.

"உன் வாயால ஒரு நல்ல வார்த்தை வருதா பாரு" என்று சிரித்தாலும் முகம் வாடியிருந்தது.

அவர் வெல்டர். பழைய பீப்பாயை அறுத்துத் தானே செய்த அடுப்பில், பட்டறை ஆட்களுக்கும் உறவுகளுக்கும் மாதம் ஒரு ஞாயிறு இறைச்சி சுடுவார். போன ஞாயிறு விருந்தில், இதய அறுவை முடிந்து வந்திருந்த என் அண்ணனுக்கு நான்தான் வேகவைத்த காய்களைத் தனித் தட்டில் வைத்தேன். நல்லதென்றுதான் வைத்தேன். எல்லாரும் கொழுப்பு வழியும் பர்கரைக் கடிக்க, அண்ணன் ஓரமாக உட்கார்ந்து காயைக் கிளறிக்கொண்டிருந்தார். அதன்பிறகு எப்போது அழைத்தாலும் "பார்க்கலாம்மா" என்பதோடு சரி.

"மச்சான் தனியா சாப்பிடக் கூடாது. இனிமே எல்லாருக்கும் கோழி நெஞ்சுக்கறிதான், தோல் எடுத்தது" என்று இவர் முடிவு செய்துவிட்டார்.

அதற்கான ஒத்திகையில்தான் மூன்று முறையும் வறண்டது; கோளாறு எங்கே என்று அந்த மூன்றாம் முறைதான் எனக்குப் பிடிபட்டது. இரும்புத் தகட்டை நிமிர்த்துவதுபோல, பர்கரையும் தட்டைக் கரண்டியால் அழுத்திக்கொண்டே இருந்தார். கொழுப்பில்லாத கறியில் இருந்த கொஞ்சநஞ்ச ஈரமும் தணலில் விழுந்து சீறியது. அந்தச் சீறல்தான் அவருக்குப் பெருமை.

"ஏங்க, அழுத்தாதீங்க."

"இருபது வருஷக் கை. சொன்னா கேக்குமா?"

நான் நேரில் போய்க் கூப்பிட்டதால் ஞாயிறன்று அண்ணன் வந்தார், கையில் டப்பாவோடு. "காய் நானே கொண்டாந்துட்டேன் மாப்பிள்ளை. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"இன்னைக்கு எல்லாருக்கும் ஒரே தட்டுதான் மச்சான்."

அரைத்த கறியில் துருவிய வெங்காயமும் பொடியாக நறுக்கிய காளானும் சேர்த்து, வட்டமாகத் தட்டிக் குளிரவைத்திருந்தேன். இவர் அடுப்புக் கம்பிகளில் எண்ணெய் தடவி அடுக்கினார். சீறலே இல்லை.

"என்னண்ணே, கொழுப்பே இல்லையா?" என்று பட்டறைக்காரர் ஒருவர் இவரைச் சீண்டினார்.

"அதான் உன் வாயில நிறைய இருக்கே!"

கரண்டி தானாகத் தாழ்ந்தது. நான் ஆண்டவனை நினைத்துக்கொண்டேன். சட்டென்று இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷக் கை, என் அண்ணனுக்காக அந்தரத்தில் நின்றது. என் பிறந்த வீட்டுக்கு இதைவிட யார் மரியாதை செய்துவிட முடியும்?

ஒன்றைப் பிட்டு, நடுப்பகுதிவரை வெந்திருப்பதைப் பார்த்த பிறகே அண்ணனிடம் முதல் பர்கரை நீட்டினார். அண்ணன் கடித்தார். சாறு முழங்கைவரை வழிந்தது. அதைத் துடைக்காமல், பட்டறைக்காரரை இடித்து நகரச் சொல்லி நடுவில் உட்கார்ந்தார்.

டப்பா மூடியபடி மேசையில் இருந்தது. அடுத்த தட்டு வந்தபோது, பேச்சு சுவாரசியத்தில், அண்ணனே அதை முழங்கையால் ஓரத்துக்குத் தள்ளினார்.