கேப்சூலுக்குள் நெருஞ்சி

வந்த கோபத்தில் செல்வப்பிரியா, மீனாட்சிபுரத்தில் பஸ் நின்றதும் நிற்காததுமாகக் குதித்தாள். கையில் அண்ணன் சிவப்பிரகாஷின் ரத்தப் பரிசோதனை முடிவு. சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் எகிறிக் கிடந்தது. மருந்தோ ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. இன்றைக்கே கூட்டி வாருங்கள், இல்லாவிட்டால் வைத்த சிறுநீரகம் போய்விடும் என்று டாக்டர் போனில் சத்தம் போட்டிருந்தார். அது அப்பா அர்த்தநாரி கொடுத்த சிறுநீரகம். அதை உடம்பு வேற்றுப் பொருளென்று தாக்காமலிருக்கத்தான் காலையும் மாலையும் கேப்சூல். அதை முழுங்காமல் ஏமாற்றுகிறவனை என்ன செய்தால் தகும்?

"ஏண்ணா, கேப்சூல எங்கெ கொண்டுபோய்ப் போடறே?" வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சத்தியமா ரெண்டு வேளையும் முழுங்கறேன் அம்மணி. அப்பாதான கையில எடுத்துக் குடுக்கறாரு?" என்றான். முகம் ஊதியிருந்தது. அது பொய் சொல்கிற முகமாக இல்லை.

சொசைட்டியில் சாயங்காலப் பால் ஊற்றிவிட்டு வந்த அர்த்தநாரி, வழக்கம்போலக் கேப்சூலைக் கிண்ணத்தில் வைத்து நீட்டினார். அவள் குறுக்கே புகுந்து எடுத்தாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. இழுத்தாள். வெள்ளைப் பொடி இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பொடி கொட்டியது. சிறுநீரகத்துக்கு நல்லதென்று ஊரில் அரைத்துக் குடிக்கும் சிறுநெருஞ்சி.

"என்னங்கப்பா இது?"

அவர் அசரவில்லை. "இந்த மருந்து கிட்னியக் கொல்லுதுன்னு நீதான அம்மணி போட்டோ போட்டே? அது நாங் குடுத்த என்ற கிட்னி! பாத்துட்டுச் சும்மா இருக்கறதா? அதான் பொழுதோட, சாயங்கால வேளைக்கு மட்டும் மருந்தக் கொட்டிப்போட்டு நெருஞ்சிப்பொடி ரொப்புனேன்."

கஞ்சிக்கோட்டில் அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் சிறுநீரகச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, இதே மருந்தை ஊற்றிப் பார்க்கிறார்கள். அளவு கூடக் கூடச் செல்கள் சுருங்கிச் சாகும். அந்தப் படத்தை வீட்டு வாட்ஸ்அப்பில் பெருமையாகப் போட்டிருந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அப்பாவுடையது, மருந்து தின்னாத மாட்டுக்கு வாழைப்பழத்துக்குள் மாத்திரையை ஒளித்து ஊட்டிப் பழகிய கை.

"தட்டுல வெறும் செல்லு மட்டுந்தானுங்கப்பா இருக்குது! அதத் தாக்கறதுக்கு அங்கெ ஒண்ணுமில்ல. அண்ணன் ஒடம்புல இருக்குதே! மருந்து கிட்னிய அரிக்கும், நெசந்தான். அதுக்குத்தான ரத்தம் பாத்துப் பாத்து டாக்டரு அளவு வெக்கறாரு? கொறஞ்சா ஒடம்பே அதக் கொன்னுபோடும்! குடுத்த கையாலயே புடுங்கறீங்களே!" கத்திய கத்தலில் தொழுவத்து மாடுகள் மிரண்டன.

"இத அன்னைக்கே சேத்துச் சொல்றதுக்கென்ன? படத்த மட்டும் எதுக்குப் போட்டே?" அவரும் எகிறினார்.

 அது உண்மை என்பதாலேயே அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"நிறுத்துங்க!" சிவப்பிரகாஷ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "கிட்னி உங்குளுது, படிப்பு இவளுது. சாகப்போறது மட்டும் நானா? என்னைய ஒரு வார்த்தை கேக்கோணும்னு ஒருத்தருக்கும் தோணலியே. மாட்டுக்கு ஊட்டறாப்புல ஊட்டியிருக்கீங்க!"

 செல்வப்பிரியா காருக்குப் போன் போட்டாள். சிவப்பிரகாஷ் அலமாரியிலிருந்த மருந்து அட்டைகளையெல்லாம் அள்ளிச் சட்டைப்பையில் திணித்தான். ஓர் அட்டையை மட்டும் தானே கிழித்து, கேப்சூலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வாயில் போட்டான்.

அப்பா ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். அவன் அதை வாங்கவில்லை. வெளியே போய்க் குழாயைத் திறந்து, கையால் பிடித்துக் குடித்தான்.