மூன்று கோடுகள்

கையுறையின் முடிச்சு அவிழவில்லை. அவளே தைத்த பருத்திக் கையுறை, அவளே போட்ட முடிச்சு. தையற்காரியின் முடிச்சு லேசில் அவிழுமா? கடைசியில் கத்தரியால் நறுக்கினாள். உள்ளே கணவரின் கை மஞ்சளாக, ஒட்ட வெட்டிய நகங்களோடு சும்மா கிடந்தது. அந்தக் கை சும்மா கிடந்து பார்த்து மாதக்கணக்காகிறது.

ஈரல் கெட்டு வந்த அரிப்பு. பழச்சாற்றில் கலக்கும் மருந்துப்பொடி, ஈரத்துணி, களிம்பு எல்லாம் பார்த்தாயிற்று. மனிதர் முதுகைத் தேய்த்துத் தேய்த்துக் கதவு நிலையில் பெயிண்டே போய்விட்டது. சொறிந்தால் புண்ணாகும், இந்த உடம்பில் ஆறாது என்று நர்ஸ் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவர் கெஞ்சினார், அழுதார். எங்கம்மாவாக இருந்தால் சொறிந்துவிட்டிருப்பாள் என்று திட்டினார். அவள் ஒரு தடவைகூடச் சொறிந்துவிடவில்லை.

மாமியாரை அவள் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே போய்ச்சேர்ந்தவர். பிஸ்கட் கம்பெனி மெஷினில் நடுவிரலைப் பறிகொடுத்தவர். அம்மா முதுகு சொறிந்தால் மூன்று கோடுதான் விழும் என்று கணவர் சொல்லிச் சிரிப்பார்.

நேற்று மத்தியானம் அவர் கூப்பிட்டதும் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் போனாள். முகம் தெளிந்திருந்தது.

"இப்பதான் உயிரே வந்துச்சு. ஒருவழியா சொறிஞ்சுவிட மனசு வந்துச்சே உனக்கு."

"நான் அந்த ரூம்லல்ல இருந்தேன்?"

"சரி, சரி. நர்ஸ்கிட்ட சொல்லல."

கண்ணடித்துவிட்டுத் தூங்கினார். நோய் முற்றினால் இப்படி உளறுவார்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தூங்கியவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

செய்தி கேட்டுக் காலையில் வந்த கொழுந்தன், உடம்பைத் துடைக்க அண்ணனை ஒருக்களித்துப் பிடித்தான். அவள் சட்டையை விலக்கினாள். தோள்பட்டைகளுக்கு நடுவே, அவர் கை எட்டாத இடத்தில், புதிதாய்ச் சிவந்த நகக்கோடுகள். ஒன்று, ஓர் இடைவெளி, பிறகு இரண்டு.

கொழுந்தனும் பார்த்தான். தலையணையை முட்டுக்கொடுத்துவிட்டு எழுந்தான்.

"தண்ணி மாத்திட்டு வரேன் அண்ணி."

வாளித் தண்ணீரில் இன்னும் யாரும் துணியே நனைத்திருக்கவில்லை.

அவளுக்குப் பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து, கோடுகளின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். நடுவிரலுக்குக் கீழே மட்டும் வெறும் தோல். அந்த விரலால் மேலிருந்து கீழாக, அழுத்தி, ஒரு முறை சொறிந்துவிட்டாள்.