ராஜகோபால் வாத்தியார் வீட்டு டிரில்லிங் மிஷின்

பெரிய காஞ்சிபுரத்தில் ராஜகோபால் வாத்தியார் வீட்டில் இருந்த பழைய டிரில்லிங் மிஷினின் பிட் இரும்பில் இறங்கினால், அந்தத் தெரு முழுக்கச் சத்தம் நின்றுபோகும். தறிகள் ஆடும், ஓசை வராது. நாய் வாயைத் திறந்து மூடும். முனையில் திரும்பும் ஆட்டோக்காரர் ஹாரனை அமுக்கிப் பார்த்துவிட்டு, ரிப்பேர் என்று எண்ணி இறங்கி வயரைத் தடவுவார். பிட்டை மேலே தூக்கியதும் எல்லாச் சத்தமும் மொத்தமாக வந்து விழும். 1993லிருந்து பத்து வருஷம் இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும், அவர்களைக் கெஞ்ச நமக்கு நேரமில்லை.

கணக்கு வாத்தியாருக்கு எதற்கு மிஷின் என்று ஊரில் கேலி செய்யாதவர் இல்லை. அவரிடம் அப்படி இரண்டு இருந்தன. சின்னது மேஜைமேல் நிற்பது, ஊரில் உள்ள எல்லா மிஷினையும்போல அதுவும் கத்தும். பெரியது வெள்ளைக்காரன் காலத்து வார்ப்பிரும்பு, ஆள் உயரம். சென்னையில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் ஏலத்திலிருந்து டெம்போவில் வந்து இறங்கியது. வாத்தியார் லீவு நாளெல்லாம் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துருவைத் தேய்த்தார், மேலுக்குமேல் பூசியிருந்த பெயிண்டைச் சுரண்டினார், புது தோல் பெல்ட் மாட்டினார். பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் சும்மா உட்கார்ந்தால் அழுதுவிடுகிற நிலையில் இருந்தார்.

முந்தின கார்த்திகையில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, ஓரிக்கைப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போன அவருடைய ஒரே மகன் கலைவாணன் உயிரோடு திரும்பவில்லை. பாலிடெக்னிக் கடைசி வருஷம். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவன் குரல் வாத்தியார் மனைவி காந்தாவுக்குக் கேட்க ஆரம்பித்தது. "யம்மா, கதவத் தொறம்மா" என்று கூப்பிடுவான். வாத்தியாருக்குக் கேட்காது, பெற்றவளுக்கு மட்டும் கேட்கும். காந்தா ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். தூக்கம் போயிற்று. டாக்டர் கொடுத்த மாத்திரை உடம்பைப் படுக்க வைத்ததே தவிர குரலை நிறுத்தவில்லை.

பெரிய மிஷினில் முதல் துளை போட்ட அன்று, காந்தா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தெரு அடங்கியது. அவள் முறத்தை வைத்த கையோடு சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். வாத்தியார் அதைப் பார்த்துவிட்டுப் பிட்டைத் தூக்கவே இல்லை. ஒரு துளை முடிந்ததும் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தகடு சல்லடை ஆனது.

எழுந்ததும் காந்தா, "அவன் கூப்புடுறது நின்னுபோச்சுங்க. அதுக்கு அழுவுறதா சிரிக்கிறதா, எனக்கே தெரியல" என்றாள்.

அன்றிலிருந்து வாத்தியார் தினமும் துளைத்தார். பழைய இரும்புக் கடையில் தகடாக வாங்கித் துளையாக்கித் திருப்பிக் கொடுத்தார். ஆனால் தெருவில் இருந்தவர்கள் நெசவாளர்கள். கல்யாணப் புடவைக் கரையில் அன்னம் போடும்போது நெய்பவர் குரல் கொடுக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்தக் குரலுக்கு நூலை இழுக்க வேண்டும். எதிர்வீட்டு வீரபாகு ஒருநாள் குரல் கொடுத்தது அவர் பெண்சாதிக்குக் கேட்கவில்லை. ஒன்றையொன்று பார்க்க வேண்டிய அன்னங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. பட்டு போனது போனதுதான்.

வீரபாகு புடவையோடு வாத்தியார் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினார். மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. கை காலை ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தவர் தரையில் காந்தா தூங்குவதைப் பார்த்து வாயை மூடினார். வாத்தியார் அவரைக் கண்டதும் பிட்டைத் தூக்கினார். உடனே காந்தா விழித்து எழுந்து, வாசலுக்கு ஓடிவந்து, வீரபாகுவைத் தாண்டித் தெருவைப் பார்த்து, "தோ வந்துட்டேன்பா" என்றாள். தெருவில் யாரும் இல்லை.

வீரபாகு புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "சாப்பாட்டு நேரத்துல தறி நின்னுதான இருக்குது, சார். அப்ப ஓட்டுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

வருஷங்கள் அப்படியே போயின. மதியச் சாப்பாடு வேளையில் தெரு மௌனமாகச் சாப்பிட்டது. குழந்தைகள் சாதம் வேண்டும் என்பதைக் கையால் காட்டப் பழகின. காந்தா அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தில் மிச்ச நாளை ஓட்டினாள்.

2003இல் மிஷினின் தண்டு ஆட்டம் கண்டது. தண்டைப் பிடித்திருந்த வெண்கல புஷ் தேய்ந்து, துளைகள் வட்டமாக வராமல் கோணிக்கொண்டன. வாத்தியார் சென்னையில் புது புஷ் கடைந்து வாங்கி மாட்டினார். அந்தச் சமயம் தெரு அம்மன் கோயிலுக்கு மணி வார்க்கிறார்கள் என்று தர்மகர்த்தா முனிரத்தினம் வீடுவீடாகப் பழைய வெண்கலம் வாங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது ஒன்று மணியில் சேர வேண்டும் என்பது இங்கே வழக்கம். உடைந்த விளக்கு, தண்ணீர் ஒழுகும் சொம்பு என்று தந்தார்கள். இத்தனை காலம் உழைத்ததைக் குப்பையில் போடுவதாவது என்று வாத்தியார் பழைய புஷ்ஷைத் துடைத்துப் பொட்டு வைத்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மதியம் மிஷினை ஓட்டினார். துளை அழகாக, வட்டமாக விழுந்தது. மிஷின் ஊரே கேட்கும்படி கத்தியது. காந்தா பாயிலிருந்து எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். வாத்தியார் கைச்சக்கரத்தைப் பிடித்தபடி வாய்விட்டு அழுதார். பழைய புஷ்ஷைத் திருப்பிக் கேட்க முனிரத்தினத்திடம் ஓடினார். அதற்குள் எல்லாம் உருகிவிட்டது. தை மாதம் பூராவும் காந்தா தூங்கவில்லை. வளையல் முழங்கைவரை ஏறியது. அவள் பிழைக்க மாட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

கும்பாபிஷேகத்தன்று புது மணியின் கயிற்றை இழுத்தார்கள். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பியது, மேளக்காரர் கை பறந்தது, ஒன்றும் கேட்கவில்லை. முனிரத்தினம் தன் காது போய்விட்டதென்று பயந்து அதைப் பிடித்து உலுக்கிக்கொண்டார். கூட்டத்தில் காந்தா தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஊமை மணி ஊருக்கு ஆகாது, மறுபடி உருக்க வேண்டும் என்று சிலர் குதித்தார்கள். வீரபாகு எழுந்தார்.

"அம்மனுக்குச் சத்தம் வேணும்னா வேற மணி வாங்கிக்கலாம்பா. அந்தம்மாவுக்கு வேற என்னா இருக்குது?"

கோயிலுக்கு வேறு மணி வந்தது. ஊமை மணியை வாத்தியார் வீட்டில், இரண்டு மிஷின்களுக்கும் நடுவில் உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். இழுத்துக்கொண்டே இருந்தால்தான் மௌனம் நிற்கும். வாத்தியாருக்குத் தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை. ஆகவே வீட்டுக்கு ஒருவராக, முறைவைத்து, தங்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்து கயிறு இழுத்தார்கள். யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.

காந்தாவுக்கு முகத்தில் களை திரும்பிய பிறகு, கார்த்திகையில் கலைவாணனின் திதி வந்தது. அன்று முறைக்கு வந்த வீரபாகு கயிற்றில் கை வைத்ததும் காந்தா தடுத்தாள்.

"இன்னிக்கு வேணாம்பா. வருசத்துல ஒரு நாளு. எம்புள்ள கூப்புடட்டும், நான் கேட்டுக்கினு உக்காந்திருக்கேன்."

அதிலிருந்து திதியன்று மணி அடிப்பதில்லை. அன்றைக்கு யார் முறையோ அவர் கையைக் கழுவிக்கொண்டு இலையில் உட்காருவார். காந்தா பரிமாறுவாள். நடுவில் நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்பாள். பிறகு ரசம் வேண்டுமா என்று விசாரிப்பாள்.