கொழுந்தன் செய்த சுத்தம்

அவளுடைய போட்டோ ஸ்டூடியோக் கம்ப்யூட்டர் நத்தையாக ஊர்ந்தபோது, கணவன் போனில் சொன்னது ஒன்றே ஒன்று: "என் தம்பியை அனுப்புறேன். அவனுக்குத் தெரியாததே இல்ல."

தெரியாததே இல்லாத கொழுந்தன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து, அவள் நாற்காலியில் சம்மணம் போட்டான்.

"எது வேண்டாமோ அதை முதல்ல வெளி டிஸ்க்ல போடுங்க தம்பி. அங்க திறந்து பாருங்க. பத்து நாள் விட்டு, யாரும் தேடலேன்னா அப்புறம் அழிக்கலாம். குழந்தை ஆல்பம் போல்டரை மட்டும் தொடவே தொடாதீங்க. அது ரெண்டு இடத்துலயும் இருக்கட்டும்."

"அண்ணி, கிழிஞ்ச துணியை மூட்டை கட்டிப் பரண்ல போடுற புத்தி இது. நீங்க போய் வேலையைப் பாருங்க."

அவளும் போனாள். பக்கத்து அறையில் ஒருவர் பாஸ்போர்ட் படத்துக்கு முகத்தை விறைத்துக்கொண்டு காத்திருந்தார். சாயங்காலம் அந்த ஆல்பக் குழந்தையின் அம்மா வந்து படம் தேர்ந்தெடுக்கப் போகிறாள். ஒரு வருடப் படங்கள். கேமரா கார்டில் எப்போதோ வேறு படங்கள் ஏறிவிட்டன.

திரும்பி வந்தபோது கொழுந்தன் மல்லாந்து சாய்ந்திருந்தான்.

"பாதி இடம் காலி அண்ணி! கப்பலே ஓட்டலாம்."

"குழந்தை போல்டர் எங்க?"

"டிஸ்க்ல இருக்குமே."

"டிஸ்க்ல இல்ல."

"அப்போ கம்ப்யூட்டர்ல... இருங்க. ஒரே படம் ரெண்டு இடத்துல இருந்துச்சு. டூப்ளிகேட். கம்ப்யூட்டர்லதான் இருக்கேன்னு டிஸ்க்ல அழிச்சேன்."

"சரி."

"அப்புறம் இங்க வந்தா இங்கயும் அதே படம். டிஸ்க்லதான் இருக்கேன்னு..."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"ரீசைக்கிள் பின்?"

"குப்பையை வெச்சு என்ன பண்றதுன்னு காலி பண்ணிட்டேன். பயப்படாதீங்க, மீட்டுத் தர ஒரு சாப்ட்வேர் இருக்கு, இப்பவே இறக்கி..."

"கையை எடுடா!"

அதுவரை கட்டிக் காத்த மரியாதையெல்லாம் அந்த 'டா'வில் போயிற்று. சுவரில் இருந்த பிளக்கையே பிடுங்கினாள்.

"அழிஞ்ச இடத்து மேலயே புதுசா ஒண்ணைக் கொண்டாந்து உக்கார வைப்பியா? வீடு எரியுதுன்னா எண்ணெய் ஊத்தி அணைக்கிற அறிவாளி!"

வெளி டிஸ்க்கை அவளே எடுத்துக்கொண்டு தெருமுனைப் பழுதுக்கடைக்கு ஓடினாள். மத்தியானம் மறுபடி போனபோது படங்கள் வந்திருந்தன. ஆனால் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. என்றோ அழித்த பழைய ஆல்பங்களின் குழந்தைகளும் எழுந்து வந்து ஒரே குவியலாகக் கிடந்தன. மடிக்கணினியில் போட்டு அவன் முன்னால் வைத்தாள்.

"உக்காரு. அந்தக் குழந்தையைப் பிரிச்செடு."

"அண்ணி, பிறந்த குழந்தையெல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"டூப்ளிகேட்னு அழிச்சிடாதே."

சாயங்காலம் குழந்தையின் அம்மா வந்தாள். அண்ணி எதையும் மூடி மறைக்கவில்லை, நடந்ததைச் சொன்னாள். கொழுந்தன் நடுவில், "டெக்னிக்கலா பாத்தா மேடம், என் தப்புன்னு..." என்று இழுத்தான். அந்த அம்மா அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"கொஞ்சம் தள்ளுங்க."

தள்ளினான். அவன் பிரித்து வைத்திருந்ததில் பாதி ஊரார் குழந்தைகள்.

"இது இல்ல. இதுவும் இல்ல. இது பையன், கண்ணு தெரியலையா? இதோ, இது. இதுவும்."

அவள் விரல் நிற்காமல் போயிற்று. பிறந்த வாரத்துப் படங்களில் மட்டும் கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாக வந்திருந்தது. அங்கே விரல் நின்றது.

"முகம் வந்திருக்கு," என்றாள் கடைசியில். "முகம் வரைக்கும் வெட்டிப் போட்டுடுங்க. எனக்கு ஒரு காப்பி கொடுங்க, இப்பவே, என் கையில." பிறகு முதன்முறையாகக் கொழுந்தனைப் பார்த்தாள். "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க. காப்பி ஏறி முடியட்டும்."

கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் வெளியே போய் நின்றான்.